ஜேசிபி போன பிறகு யார் வருவார்கள்?

சீமைக்கருவேலத்தை ஒழிக்கிறோம் என்று கோடைக்குக் கோடை யாராவது கிளம்புகிறார்கள். கண்மாயில் ஜேசிபி இறங்கும், படம் எடுத்துப் போடுவார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தக் கண்மாயை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

நான் ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம் கடலோர ஊர்க்காரன். உப்புக்காற்றிலும் உவர்மண்ணிலும் மற்றதெல்லாம் வாடும், இது மட்டும் தழைக்கும். அமெரிக்கக் கண்டத்து மரம். 1877 வாக்கில் கடப்பைப் பக்கம் கொண்டுவந்தார்கள். வறட்சிக்கு விறகாகும் என்று பிறகு அரசே பரப்பியது. மிச்சத்தை ஆடுமாடு பார்த்துக்கொண்டது. நெற்று இனிக்கும், ஆடு விரும்பித் தின்னும், விதை செரிக்காமல் வெளியே வரும். மழை விட்டதும் கிடை போட்ட இடத்தில் குனிந்து பாருங்கள், புழுக்கையைப் பிளந்துகொண்டு கன்று நிற்கும். கோடியக்கரை சரணாலயத்தில் மட்டக்குதிரைகள் இந்த விதையைச் சுமந்து திரிகின்றன. அங்கே வெளிமான் மேயும் புல்வெளியைத்தான் முள் அடைத்துக்கொண்டு வருகிறது.

இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், மாட்டை மலடாக்கும் என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபடுவதும், அடியில் வேறு செடி எழாததும் போதாதா?

அதே சமயம், எங்கள் பக்கம் எத்தனையோ குடும்பத்துக்கு இதுதான் சோறு. இந்த விறகை எரித்துக் கரியாக்க மூட்டம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? விறகை அடுக்கி, தழை போட்டு, ஈரமண் பூசித் தீ வைப்பார்கள். ராத்திரியெல்லாம் ஒரு ஆள் சுற்றிவர வேண்டும். எங்காவது மண் விரிந்து காற்று புகுந்தால் உடனே அடைக்கணும், விட்டால் அத்தனையும் சாம்பல். அந்த ஆளிடம் கேட்காமல் மாவட்டம் முழுக்க ஒரே நாளில் அழிப்போம் என்பது அநியாயம்.

அதனால் கண்மாய், வரத்துக்கால், சரணாலயம், இவற்றை முதலில் எடுங்கள். பட்டா நிலத்துக் கருவையைக் கரிக்காரர்களுக்கு விடுங்கள். தரைக்கு மேலே வெட்டினால் ஒரு தண்டுக்கு நாலாகக் கிளைக்கும், தூரோடு எடுக்கணும். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது, 2022-இல் அந்நியத் தாவரங்களுக்கென அரசு கொள்கையே வெளியிட்டது. அகற்றப் பணம் ஒதுக்குகிறவர்கள், பின்னால் முளைப்பதைப் பிடுங்கவும் சில வருடத்துக்கு ஒதுக்க வேண்டும். தை மாதம் மண்ணில் ஈரம் இருக்கும்போது நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களே கன்றைக் கையால் பிடுங்கிவிடுவார்கள். அந்தக் கூலியைத்தான் எந்த மதிப்பீட்டிலும் காணோம்.