தெரபியா, உடற்பயிற்சி வகுப்பா?

சனிக்கிழமை எங்கள் தெரபிஸ்ட் பயிற்சிக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். "இது தெரபியா, உடற்பயிற்சி வகுப்பா?" என்று ஒரு சீனியர் என்னைக் கேட்டதும் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

அப்படி என்ன செய்துவிட்டேன்? ரோல் பிளேயில் நான் தெரபிஸ்ட். தெரபிக்கு வந்தவராக எதிரே இருந்தவருக்குப் பழைய சம்பவத்தைச் சொல்லச் சொல்லக் குரல் அடைத்தது. நிறுத்தி, "இப்போது உடம்பில் எங்கே தெரிகிறது?" என்று கேட்டேன். பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொன்னேன். அவ்வளவுதான். மந்திரம் எதுவும் ஓதவில்லை.

ட்ராமா, அதாவது பழைய அதிர்ச்சி விட்டுப்போன காயம், உடம்பிலும் இருக்கிறது. ஆபத்தில் உடம்பு எப்படித் தயாராகிறது என்று உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இலேயே எழுதிவிட்டார். நான் நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை.

என் கதையே இருக்கிறது. சின்ன வயதில் தாழ்ப்பாள் சத்தத்தை வைத்தே அப்பா என்ன கோபத்தில் வருகிறார் என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கு 34 வயது. யாராவது தாழ்ப்பாளைப் படாரென்று போட்டால் தோள் காதுவரை ஏறுகிறது. அப்பா இல்லை, ஆபத்தும் இல்லை. புத்திக்கு நன்றாகவே தெரியும். தோளிடம் போய் யார் வாதாடுவது?

"ஆதாரம் எங்கே?" என்பீர்கள். சரி, பயத்தையும் பாதுகாப்புணர்வையும் வேகஸ் நரம்பை வைத்து விளக்கும் பாலிவேகல் கோட்பாட்டின் மேல் நிறைய விமர்சனம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த, கண்ணசைவைப் பயன்படுத்தும் ட்ராமா சிகிச்சையான இஎம்டிஆரின் எட்டுக் கட்டங்களில் ஒன்று முழுக்க உடம்பைக் கவனிப்பதுதான். அதற்கு யாரும் சிரிப்பதில்லை. பெயர் கம்பீரமாக இருக்கிறது போல.

அப்புறம், "அட்டாச்மென்ட் (குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பு) என்று சொல்லி எல்லாப் பழியையும் அம்மா மேல் போடுகிறீர்கள்" என்பது. நான் போடவில்லை. அந்தப் பிணைப்பை ஆராய்ந்த உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் பார்த்தது ஒரு வயதுக் குழந்தைகளை. வெளியே போன அம்மா திரும்பி வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? பேச்சே வராத குழந்தையின் பாசத்தை உடம்பில் பார்க்காமல் வேறு எதில் பார்ப்பது?

உடம்பை மட்டும் கவனித்தால் போதும் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. உடம்பையும் கேளுங்கள் என்கிறேன். அந்த 'உம்' மட்டும் யார் காதிலும் விழாது. ட்ரெய்னி சொல்கிறாள் அல்லவா! இதையே அந்த சீனியர் சொல்லியிருந்தால் எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, ரோல் பிளேயில் எதிரே உட்கார்ந்திருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் கேட்டபோதுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது." இதை அந்த அறைக்குள்ளேயே சொல்லியிருக்கலாமே, ஐயா?