தண்ணீரில் ஓடிய பொருளாதாரம்

பொருளாதாரம் படித்த யாரிடமாவது பில் பிலிப்ஸ் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கையை மேலிருந்து கீழே சரித்து ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். வேலையின்மை குறைந்தால் கூலி வேகமாக ஏறும் என்கிற அந்த வளைகோடு. அவ்வளவுதான் அவர் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் தீராத வருத்தம்.

நியூசிலாந்தில் ஒரு பால் பண்ணைக் குடும்பத்தில் 1914இல் பிறந்த மின்பொறியாளர் அவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, ஜாவாவில் மூன்றரை ஆண்டுகள் கைதியாக இருந்தார். அங்கே ஒளித்துவைத்துக் கேட்க ஒரு குட்டி வானொலி செய்தார். சிக்கியிருந்தால் உயிர் போயிருக்கும். போருக்குப் பின் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சமூகவியல் படித்து, சுமாராகத் தேறினார்.

அந்தச் சுமார் மாணவர்தான் லண்டனை ஒட்டிய கிராய்டனில் ஒரு கார் கொட்டகையில் உட்கார்ந்து, பழைய உதிரிபாகங்களை வைத்து, ஆளுயரத்தையும் தாண்டிய ஓர் இயந்திரத்தைக் கட்டினார். ஒரு நாட்டின் வருமானம் அதில் வண்ணத் தண்ணீராக மேலிருந்து இறங்கும். வழியில் ஒரு கிளை வரியாகப் பிரியும், ஒரு கிளை சேமிப்பாக. எஞ்சியது நுகர்வாகக் கீழே கொட்டும். இறக்குமதி வெளியே வடியும், ஏற்றுமதி உள்ளே வரும். கடைசியில் மோட்டார் எல்லாவற்றையும் மறுபடி மேலே ஏற்றும். மிதவையோடு இணைந்த பேனா காகிதத்தில் வரைபடம் போடும். 1949 நவம்பரில் பேராசிரியர்கள் முன்னால் அதை ஓடவிட்டார். கேலி செய்யலாம் என்று வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். கணிப்பொறி அரிதாக இருந்த காலத்தில், சமன்பாடுகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு விடை கண்ணெதிரே ஓடியது.

வளைகோடு வந்தது 1958இல். 1861 முதல் 1957 வரையிலான பிரிட்டன் கூலிக் கணக்கை வைத்து எழுதிய கட்டுரை. அவர் பேசியது கூலியைப் பற்றி. இரண்டே ஆண்டுகளில் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் சாமுவேல்சனும் சோலோவும் அதை அமெரிக்க விலைவாசிக்கு மாற்றினார்கள். கொஞ்சம் பணவீக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் வேலை கிடைக்கும் என்று, ஓட்டல் விலைப்பட்டியலைப் போல அதைப் படித்தார்கள் பலர். 1970களில் பணவீக்கமும் வேலையின்மையும் கைகோத்து ஏறின. பிரிட்டனில் 1975இல் விலைவாசி உயர்வு 24 சதவீதத்தைத் தொட்டது. பழி பிலிப்ஸ் தலையில் விழுந்தது. அந்த ஆண்டு மார்ச்சில், 60 வயதில், ஆக்லாந்தில் அவர் காலமானார்.

வேடிக்கை என்னவென்றால், மக்கள் பழைய விலையேற்றத்தைப் பார்த்துத் தங்கள் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்வார்கள் என்பதைக் கணக்காக அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனுக்கு எழுதிக்காட்டியவரே பிலிப்ஸ்தான். பின்னாளில் ஃப்ரீட்மன் அந்த வளைகோட்டைத் தாக்கியது இதே எதிர்பார்ப்பு என்கிற ஆயுதத்தால்தான்.

என் கட்சி இதுதான்: வளைகோட்டை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அந்த இயந்திரத்தை ஒரு நாள் பார்த்திருந்தால் இவ்வளவு துணிந்திருக்க மாட்டார்கள். ஒரு மதகைத் திறந்தால் நாலு தொட்டியில் மட்டம் மாறும், அதுவும் தாமதமாக. அந்தப் பள்ளியின் பேராசிரியர் ஜேம்ஸ் மீட் இரண்டு மாணவர்களை அதன் முன்னே நிறுத்துவாராம். ஒருவர் நிதியமைச்சர், மற்றவர் மத்திய வங்கி. ஒருவரையொருவர் கலக்காமல் ஆளுக்கொரு குழாயைத் திருகுவார்கள், மட்டம் ஏறியும் இறங்கியும் தத்தளிக்கும்.