எச்சரிக்கை யார் காதில் விழுகிறது?

உலகில் உள்ள அனைவருக்கும் 2027க்குள் பேரிடர் முன்னெச்சரிக்கை கிடைக்கச் செய்யும் செயல்திட்டத்தை 2022இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் ஐ.நா. வெளியிட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால், இத்தகைய திட்டங்களைப் பற்றிய பேச்சில் செயற்கைக்கோளுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் கிடைக்கும் இடத்தில் பாதிகூட, கடலில் இருப்பவரிடம் தகவலைக் கொண்டுசேர்க்கும் வேலைக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

1970இல் வங்கக் கரையைத் தாக்கிய போலா புயல் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்றது. புயல் வருவது முன்பே தெரிந்திருந்தும், அந்தச் செய்தி தீவுகளில் இருந்த பலரைச் சென்றடையவில்லை. அதன்பின் வங்கதேச அரசும் செம்பிறைச் சங்கமும் (ரெட் கிரசன்ட்) இணைந்து, கொடி ஏற்றியும் கையடக்க ஒலிபெருக்கியில் கூவியும் ஊர்களை எச்சரிக்கும் தன்னார்வலர் படையைக் கட்டியெழுப்பின. இன்று அதில் 76,000 பேர் இருக்கிறார்கள், பாதிப்பேர் பெண்கள். 2007இல் மிகக் கடுமையான சிடர் புயல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். புகலிடக் கட்டடங்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு என்றாலும், அவற்றுக்குள் மக்களை அழைத்துச் சென்றவர்கள் இந்தத் தன்னார்வலர்களே.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. புதுச்சேரியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய கிராம அறிவு மையங்கள், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழில் எழுதி, மீனவக் கிராமங்களில் ஒலிபெருக்கியில் அறிவித்துவந்தன. 2004 டிசம்பர் 26 அன்று அக்கிராமங்களில் ஒன்றான நல்லவாட்டைச் சேர்ந்த, சிங்கப்பூரில் வேலைசெய்த இளைஞர் ஒருவர் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூர் உயிர்பிழைத்தது. சுனாமிக்காக யாரும் அமைத்த கருவி அல்ல அது. அன்றாடம் புழங்கியதால் கைக்கு வந்தது.

ஒக்கி புயல் இதற்கு நேர்மாறு. 2017 நவம்பர் 30 அன்று புயல் அறிவிப்பு வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்தின் ஆழ்கடல் படகுகள் கிளம்பிப் பல நாள் ஆகியிருந்தன. கைபேசி கரையை விட்டுச் சற்றுத் தள்ளினாலே செத்துவிடும். வயர்லெஸ்ஸும் அவ்வளவு தூரம் எட்டாது. தகவல் கரையிலேயே நின்றுவிட்டது. அதன்பின் 2019இல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்கே கொண்டுவந்தது, ஆனால் படகிலிருந்து பதில் சொல்ல அதில் வழியில்லை. படகிலிருந்தும் செய்தி அனுப்பக்கூடிய இருவழித் தொடர்புக் கருவிகளான டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024இல்தான் தொடங்கப்பட்டது.

இதை மனமார வரவேற்கிறேன். ஆனாலும் எத்தனை கருவி பொருத்தினோம் என்ற கணக்கோடு அரசு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் எத்தனை படகுகளுக்குச் செய்தி கிடைத்தது, எத்தனை மணி நேரம் முன்னதாகக் கிடைத்தது, எத்தனை படகுகள் திரும்பின என்பதை வெளியிட வேண்டும். டீசலுக்கும் ஐஸுக்கும் லட்சக்கணக்கில் கடன் வாங்கி, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போனவர், வலை போடும் முன்பே திரும்பினால் அந்த நட்டத்தை யார் ஏற்பது என்பதற்கும் அதே அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். அது தெரியாதவரை, செய்தி கிடைத்த பின்னும் சில படகுகள் கடலிலேயே நிற்கும்.