மறதி தொடங்கியவரிடமும் கேளுங்கள்

மறதி நோயின் ஆரம்ப நிலை என்று டாக்டர் சொன்ன நாளோடு, பல வீடுகளில் அந்த மனிதரிடம் எதையும் கேட்பது நின்றுபோகிறது. இது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

பெரியப்பாவை நரம்பியல் டாக்டரிடம் காட்டியபோது நானும் கூட இருந்தேன். "ஒழுங்கா சாப்பிடுறாரா? ராத்திரி தூங்குறாரா?" எல்லாக் கேள்வியும் அண்ணனிடம்தான். எதிரே உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்த பெரியப்பா, மாத்திரை எழுதும்போது நிமிர்ந்து, "இது எதுக்கு? தலை சுத்துமா?" என்றார். சரியான கேள்வி. பதிலும் அண்ணனுக்கே போனது.

தேதி கேட்டபோது அவர் தப்பாகச் சொன்னார், உண்மைதான். ஆனால் வங்கிக் கணக்கில் தடுமாறுகிற ஒருவர், ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதில் தெளிவாக இருக்கலாம். சாயங்காலம் குழம்புகிறவர் காலையில் நிதானமாகப் பேசலாம். அப்போது காலையில் கேட்க வேண்டியதுதானே?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 4ஆம் பிரிவில் சொல்கிறது: தன் மனநலச் சிகிச்சை பற்றி ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர் கண்ணுக்குத் தப்பாகப் படுகிறது என்பதற்காக மட்டும், அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்ல முடியாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்கூட, மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்ய இடம் தருகிறது. உயிலுக்கும் அப்படித்தான்.

அப்புறம் இந்த 'பவர்' விஷயம், அதாவது தன் சார்பில் இன்னொருவர் செயல்பட எழுதித் தரும் அதிகாரப் பத்திரம். "பவர் எழுதி வாங்கிட்டோம், இனி கவலையில்லை" என்கிறார்கள். கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால், ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி அந்தப் பவரும் முடிந்துவிடும். எந்த நாளுக்குப் பயந்து வாங்கினார்களோ, அந்த நாளில் அது உதவாது. இங்கிலாந்தில் திறன் போன பிறகும் செல்லுபடியாகும் பவர் உண்டு. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் வராதது பெருங்குறை.

அதனால்தான் இந்த ஆரம்பக் காலம் அவ்வளவு முக்கியம். மனநலச் சிகிச்சையில் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். பிறகு மாற்றவும் செய்யலாம். பெரியப்பாவிடம் கேட்டோம். அண்ணனை விட்டுவிட்டு அக்கா பெயரைச் சொன்னார். அண்ணனுக்கு வருத்தம்தான், ஆனாலும் அக்கா பெயரைத்தான் எழுதினோம். கடைசிக் காலத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா என்பதற்கும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி.

"ஏமாத்தி எழுதி வாங்கிட்டா?" என்பீர்கள். நியாயமான பயம். சொத்தை எழுதி வாங்கிவிட்டுப் பெற்றவரைக் கைவிட்ட கதை ஊருக்கு ஊர் இருக்கிறது. அதற்காக அவர் வாயை அடைக்க வேண்டாம். ஆதாயம் அடையப்போகிறவரை அறைக்கு வெளியே உட்கார வையுங்கள். டாக்டரும் வக்கீலும் மறதி உள்ளவரிடம் தனியாக, அவசரப்படுத்தாமல் பேசட்டும். என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.