லெஸ்லி ஆலன்: ஜூலை 30-க்கு அப்புறம்

இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படைவீரராக இருந்த லெஸ்லி ஆலனைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் 1943 ஜூலை 30-ஆம் தேதியோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அன்றைக்கு அவர் செய்தது அவ்வளவு பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் விட்டுவிட்டு அந்த ஒரு நாளை மட்டும் கொண்டாடுவது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். இடம், ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூ கினித் தீவில் சலமாவா பக்கம் இருக்கும் தம்பு மலை. அடர்ந்த காடு, சேறு, செங்குத்தான சரிவு. மேலே ஜப்பானியர்கள் பதுங்கு குழி வெட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு முன்புதான் ஆஸ்திரேலியர்கள் ஏறிப் பார்த்து, முடியாமல் திரும்பியிருந்தார்கள். அன்றைக்கு ஏறியது அமெரிக்கப் படை. ஐம்பது பேருக்கு மேல் அடிபட்டு விழுந்தார்கள். அவர்களைத் தூக்கி வரப் போன அமெரிக்க மருத்துவ உதவியாளர்கள் இருவரும் உயிரிழந்தார்கள்.

அப்போதுதான் ஆஸ்திரேலியக் காலாட்படையின் 2/5-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த கார்ப்பரல் ஆலன் மேலே போனார். காயம்பட்டவர்களைத் தூக்கி வருவது அவர் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. நல்ல உடம்புக்காரர். ஆஸ்திரேலிய முறைக் கால்பந்து ஆடும்போது எதிரணியை முட்டித் தள்ளிக்கொண்டு போவாராம். அதனால் படையில் அவருக்குக் 'காளை' என்று பட்டப்பெயர். அந்தச் சரிவில் ஒருவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே வந்தார். இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் ஏறினார். இப்படி 12 அமெரிக்கர்களைக் கொண்டுவந்து சேர்த்தார்.

முதல் தடவை போகிறவருக்கு ஒரு வேகம் இருக்கும், சரி. ஐந்தாவது தடவை? ஒன்பதாவது தடவை? எந்தத் திருப்பத்தில் எங்கிருந்து சுடுகிறார்கள் என்பது அதற்குள் நன்றாகவே தெரிந்துவிட்டிருக்கும். தெரிந்தும் போவதைத்தான் நான் வீரம் என்பேன். அவர் தூக்கி வந்தவர்கள் அவருடைய பட்டாலியன்கூட இல்லை, வேறு நாட்டுக்காரர்கள். மோர்ட்டார் குண்டில் நினைவிழந்த ஓர் அமெரிக்கச் சிப்பாயை அவர் சுமந்து வருகிற படம் ஆஸ்திரேலியாவில் மிகப் பிரபலம். கோர்டன் ஷார்ட் எடுத்தது. அமெரிக்கா அவருக்கு சில்வர் ஸ்டார் என்ற வீரப் பதக்கம் கொடுத்தது. அந்த நாளுக்காக ஆஸ்திரேலியா தனியாக எந்தப் பதக்கமும் தரவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் வாவ் அருகே கிரிஸ்டல் கிரீக்கில் குண்டுமழைக்குள் போய்த் தம் பட்டாலியன்காரர்களை மீட்டு வந்ததற்குத்தான் மிலிட்டரி மெடல் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது.

இனி, பலரும் சொல்லாமல் விடுகிற பகுதி. ஆலன் ஆஸ்திரேலியாவின் பாலரட் நகரில் பிறந்தவர். பன்னிரண்டு வயது வாக்கில் தங்கையோடு அநாதை இல்லத்தில் விடப்பட்டவர். அப்புறம் பண்ணைக் கூலி. 1940-இல் படையில் சேர்ந்து லிபியாவுக்குப் போனார். 1941-இலேயே மனப் பதற்றத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். திரும்பி வந்து சிரியாவில் போரிட்டார். அதற்கும் பிறகுதான் வாவ், தம்பு மலை எல்லாம். ஆக, பயமே தெரியாத ஆள் ஏதோ சாகசம் செய்துவிட்டார் என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பானது. போர் மனதை என்ன செய்யும் என்று உள்ளிருந்தே பார்த்துவிட்ட ஒருவர்தான் அந்தச் சரிவில் ஏறினார்.

1944-இல் ஓர் அதிகாரியை அடித்துவிட்டார். கார்ப்பரல் பதவி பறிபோனது. செப்டம்பரில் மருத்துவக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மலேரியா, மனப் பதற்றம் ஆகியவற்றோடு, இயல்பிலேயே நிலையற்ற மனம் கொண்டவர் என்றும் குறித்தார்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. இயல்பிலேயே என்றால், லிபியாவிலிருந்து தம்பு மலை வரை செத்தவர்களுக்கும் சாகப்போகிறவர்களுக்கும் நடுவிலேயே நின்றதற்கு இதில் எந்தப் பங்கும் இல்லையா? துணிச்சல் மட்டும் படைக்குச் சொந்தம், உடைந்துபோனது மட்டும் அவர் பிறவிக் குணமா?

பாலரட் அருகே மாமாவின் பண்ணைக்குப் போனவருக்குப் பேச்சே நின்றுபோனது. தேறி வர ஆறு மாதம் ஆனது. அதன் பிறகு பாலரட் அரசு மருத்துவமனையின் அறுவை அரங்கில் உதவியாளராக வேலை பார்த்தார். 1949-இல் திருமணம் செய்துகொண்டார். 1982-இல் காலமானார்.

இதே நியூ கினிப் போரில் விக்டோரியா கிராஸ் என்ற மிக உயரிய வீர விருது பெற்ற புரூஸ் கிங்ஸ்பரியின் பெயரில் மெல்பர்னில் ஒரு புறநகரே இருக்கிறது. தகுதியான மரியாதை, சந்தேகமே இல்லை. இசுராவாவில் பிரென் துப்பாக்கியோடு முன்னேறிப் போய் உயிரைக் கொடுத்தவர் அவர். ஆயுதத்தோடு முன்னேறியவருக்குத் தருகிற அதே இடத்தை, ஆட்களைச் சுமந்துகொண்டு திரும்பியவருக்கும் தர வேண்டும் என்பதே என் கருத்து. தரும்போது 1944-ஐயும் அந்தப் பேச்சிழந்த மாதங்களையும் மறைக்காமல் சேர்த்தே எழுத வேண்டும்.