இளைஞர் மனநலம்: ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கிற வேலை

மாவட்ட சுகாதாரப் பேரவை என்று ஒரு கூட்டம் நடப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டாக்டர்கள், அதிகாரிகள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், தொண்டு நிறுவனத்தார் எல்லாரும் உட்கார்ந்து மாவட்டத்தின் சுகாதாரத்துக்கு என்ன வேண்டும் என்று பேசுகிற இடம். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கூட்டங்களில் வருகிற கோரிக்கைகளைப் பார்த்தால் கட்டிடமும் மெஷினுமாகத்தான் இருக்கும். ஸ்கேன் வேண்டும், டயாலிசிஸ் வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும். எல்லாம் தேவையானவைதான். இளைஞர்களின் மனநலம் என்று வந்தால் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: "பள்ளி, கல்லூரிகளில் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்தப்படும்."

அந்த வரி அக்டோபர் 10ஆம் தேதி உலக மனநல நாளன்று பேரணியாக மாறும். பதினோரு மணி வெயிலில் பிள்ளைகள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். போட்டோ எடுப்பார்கள். அதோடு அந்த வருஷத்து வேலை முடிந்தது.

அரசுப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருப்பதால் இதைப் பக்கத்தில் இருந்தே பார்க்கிறேன். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இளைஞர்களின் மனநலத்தை மனநல மருத்துவத் துறையின் வேலையாக மட்டும் ஒதுக்கி வைக்கிற வரைக்கும் நம் உள்ளூர்த் திட்டங்கள் எதுவும் உருப்படாது. ஏனென்றால் இதுவரை நிறைய உயிர்களைக் காப்பாற்றிய காரியங்களைச் செய்தவை பள்ளிக் கல்வித் துறையும் வேளாண்மைத் துறையும்தான்.

முதலில் பள்ளிக் கல்வி. ஒரு காலத்தில் பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் ஒரு வருஷமே போய்விடும். கூடப் படித்தவன் பஸ் ஏறிக் காலேஜுக்குப் போவான், இவன் வீட்டில் இருப்பான். சொந்தக்காரர் ஒவ்வொருவரும் விசாரிப்பார்கள். பிறகு உடனடித் தேர்வு வந்தது. மே மாதம் ரிசல்ட், ஓரிரு மாதத்துக்குள் மறுபடியும் எழுதலாம், தேறினால் அதே வருஷம் காலேஜில் சேரலாம். கேட்க மிகச் சாதாரண நிர்வாக மாற்றம். ஆனால் தேர்வுத் தோல்வியால் நடக்கும் தற்கொலைகள் குறைந்ததற்கு இது முக்கியக் காரணம் என்று டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடர்ந்து சொல்லிவருகிறார். 1986இல் சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர் அவர். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

2017இல் இன்னொன்று செய்தார்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். ரிசல்ட் அன்று லட்டு ஊட்டுகிற போட்டோ பேப்பரில் வருவது பெருமளவு நின்றது. (தனியார் பள்ளிகள் பிளெக்ஸ் வைத்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டன, அது வேறு கதை.) இந்த இரண்டிலும் ஒரு கவுன்சலர்கூட இல்லை. தேர்வு அட்டவணையையும் அறிவிக்கும் முறையையும் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது பூச்சிமருந்து. இதில் இலங்கையின் அனுபவத்தை நம் மாவட்ட அதிகாரிகள் எல்லாரும் படிக்க வேண்டும். 1995இல் அங்கே தற்கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 47. அப்போது அது உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. கொடிய நஞ்சுள்ள மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. ஏறக்குறைய 93,000 உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் காலகட்டத்தில் அங்கே போர், சுனாமி, வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாம் இருந்தன. மக்களுடைய துயரம் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஆபத்தை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம், அவர்களுடைய முடிவுகள் பல நேரம் ஒரு சண்டையின் சூட்டில் எடுப்பவை. அந்தச் சூடு தணியும்வரை ஆள் பிழைத்திருந்தால், பெரும்பாலோர் அப்புறம் நன்றாகவே வாழ்ந்துவிடுகிறார்கள்.

நம் மாநிலத்திலும் சில மருந்துகளுக்குத் தடை வந்திருக்கிறது. ஆனால் தடை உத்தரவு கோட்டையில் போடுவது, உரக்கடை இருப்பது நம் ஊரில். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் லட்சுமி விஜயகுமார் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். மருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டிடத்தில், பேங்க் லாக்கர் மாதிரி ஆளுக்கொரு பெட்டியில் பூட்டி வைப்பது. வேண்டும்போது எடுத்துக்கொள்வது. விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள், நடைமுறையில் செய்ய முடிந்தது. 2013இல் முடிவுகள் வெளிவந்தன. நானும் டெல்டாக்காரன்தான். எங்கள் பக்கத்து ஊராட்சிகளில் இதைப் பற்றி யாராவது பேசி நான் கேட்டதில்லை. பூச்சிமருந்து எங்கே வைக்கப்படுகிறது என்பதைச் சுகாதாரத் திட்டமாக நினைக்கிற பழக்கமே நமக்கு இல்லை.

சரி, திட்டம் போடக் கணக்கு வேண்டுமே. 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாம்தான். ஏன் இறந்தார்கள்? பேப்பரை எடுத்தால் "தீராத வயிற்று வலி". ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த காரணம் அது. இருபது வயதுப் பிள்ளைக்கு அப்படி என்ன வயிற்றுவலி என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தங்கைக்குக் கல்யாணம் தட்டிப்போகும், கூடப் படித்தவர்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள், சாதிப் பேச்சு கிளம்பும். பிழைத்தவர்கள் கதையும் அப்படித்தான். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. ஆனாலும் ஊரில் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் போகவில்லை. "தெரியாமல் குடித்துவிட்டான்" என்று சொல்லித்தான் சேர்க்கிறார்கள். வயிற்றைச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மனநல மருத்துவரைப் பார்க்காமலேயே அந்தப் பிள்ளை திரும்பி வந்துவிடுகிறது. கணக்கு முழுக்க வயிற்றுவலியாக இருந்தால், குடல் டாக்டரைத்தான் திட்டத்தில் கேட்பீர்கள்.

இத்தனைக்கும் இந்தியாவில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் தொடங்கிய ஒரு சில மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. தொண்ணூறுகளின் நடுவில். முன்னோடி மாநிலம் நாம். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. ஆயிரம் பேர் படிக்கிற ஒரு மேல்நிலைப் பள்ளியில் எழுபது பேருக்கு மேல். இந்த எழுபது பேர் எங்கே போவார்கள்? எனக்குத் தெரிந்த ஓர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் வாரத்தில் ஒரு நாள் காலையில் வருவார். அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருக்கும். லீவ் எடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வரிசையில் நின்றால் பக்கத்து வீட்டு அக்கா பார்ப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்றால் அங்கே இருக்கிற நர்ஸ், பிள்ளையின் அம்மாவுக்குச் சிநேகிதி. சாயந்தரம் ஐந்து மணிக்கு மேல், தனி வாசலோடு ஓர் அறை இருந்தால் நிலைமையே வேறு. புதுக் கட்டிடமெல்லாம் வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும்.

பள்ளியில் இருக்கிறவரைக்குமாவது யாரோ ஒருவர் கண்ணில் படுகிறார்கள். நடமாடும் மருத்துவக் குழு வந்து பதினெட்டு வயதுவரை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. பதினெட்டு தாண்டியதும்? பாலிடெக்னிக் முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிறவன், மில் ஹாஸ்டலில் ஷிப்ட் பார்க்கிற பெண், மூன்றாவது முறை போட்டித் தேர்வு எழுதுகிறவள், இவர்களைத் தேடி எந்தத் துறையும் வருவதில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வீட்டுக்கு வரும். சர்க்கரை, பிரஷர் பார்த்து அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிற பையனைப் பற்றி அவர்கள் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பணியாளர் நம் ஊர்ப் பெண்தான். கேட்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்தால் கேட்பார்.

கவுன்சலரே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிறுவனங்களில் ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நல்லது. 2022இல் தொடங்கிய 'நட்புடன் உங்களோடு' மனநல சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். 104 சுகாதார உதவி மையத்திலிருந்து தேர்வில் தேறாத பிள்ளைகளைக் கூப்பிட்டே பேசுகிறார்கள். உண்மையிலேயே பாராட்ட வேண்டிய வேலை. ஒரே ஒரு சிக்கல், பள்ளியில் கொடுத்திருக்கிற நம்பர் பெரும்பாலும் அப்பாவுடையது. அவர் போனோடு திருப்பூரில் இருப்பார்.

இனி ஊராட்சி. இதைத்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் நம் கைக்கு எட்டுகிற இடம் அதுதான். சாயந்தரம் பள்ளி விட்ட பிறகு ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எங்கே போகும்? முன்பு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊருக்கொரு நூலகம் கட்டினார்கள். எங்கள் ஊர் நூலகம் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்பதே மர்மம். 2024இல் 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கினார்கள். வந்த பந்துகள் பத்திரமாக அலுவலக பீரோவில் இருக்கின்றன, தணிக்கைக்குக் காட்ட வேண்டுமாம். மைதானத்தில் அறுவடைக்கு நெல் காயும், மற்ற நாளில் கருவேலம் வளரும். விளக்கு இருக்கிற ஒரே இடம் டாஸ்மாக் போகிற வழி. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பஸ் இலவசம், சந்தோஷம். ஆனால் நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரை. அதனாலேயே கோகோ விளையாடுவதை நிறுத்திய பெண்களை எனக்குத் தெரியும். பஸ் நேரமும் மைதானத்து விளக்கும் மனநலத் திட்டத்தில் வர வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கமெண்டில் யாராவது நிச்சயம் வருவார்கள்: "அந்தக் காலத்தில் நாங்கள் வாத்தியாரிடம் அடி வாங்கிப் படிக்கவில்லையா, எங்களுக்கு என்ன டிப்ரஷனா வந்தது?" வந்தது அண்ணே. உங்கள் வகுப்பில் பாதியில் நின்றவன், ஊரைவிட்டு ஓடிப்போனவன், கிணற்றில் எடுத்த அக்கா, இவர்களையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் மிச்சம் இருக்கிற நாம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

என்ன செய்யலாம்? நமக்கு வருஷத்தில் ஆறு கிராம சபை. அதில் ஒன்று மே 1. பிளஸ் டூ ரிசல்ட் சமீப ஆண்டுகளில் அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் வருகிறது. ரிசல்ட் நாளைப் புயல் எச்சரிக்கை நாள் மாதிரி ஊர் எதிர்கொள்ளலாமே. எந்தெந்த வீட்டில் தேர்வு எழுதிய பிள்ளை, அன்று அந்த வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பாரா, உடனடித் தேர்வுக்கு விண்ணப்பிக்க யார் உதவுவது, தோட்டத்து மருந்து எங்கே பூட்டியிருக்கிறது. இதைப் பேசித் தீர்மானம் போட ஒரு மணி நேரம் போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் 2024 மறுகட்டமைப்பிலிருந்து முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஸ்பான்சர் பிடிப்பதற்கு மட்டும் அவர்களைப் பயன்படுத்தாதீர்கள். பிளஸ் டூவில் ஃபெயிலாகி மறுபடி எழுதித் தேறிய ஒருவரையாவது அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மாவட்டப் பேரவைக்கும் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட நாலு பேரைக் கூப்பிடுங்கள், வரவேற்புரைக்குப் பூங்கொத்து கொடுக்க இல்லாமல், கோரிக்கைப் பட்டியல் எழுத. அவர்கள் எழுதினால் முதல் வரி ஸ்கேன் மெஷினாக இருக்காது என்பது என் ஊகம். கழிப்பறைத் தாழ்ப்பாளாக இருக்கலாம், ஆறரை மணி பஸ்ஸாக இருக்கலாம், நாம் யோசித்தே பார்க்காத ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம்.

அடுத்த கிராம சபைக்கு நானும் இன்னும் இரண்டு மூன்று பெற்றோரும் மனு எழுதி வைத்திருக்கிறோம். மைதானத்துக்கு விளக்கு, மருந்து வைக்கப் பொதுப் பெட்டி, மனநல மருத்துவர் வருகிற நேரத்தைச் சாயந்தரத்துக்கு மாற்றச் சொல்லி ஒரு பரிந்துரை. "இதெல்லாம் ஊராட்சி அதிகாரத்தில் வராது" என்பார்கள். எது வரும், எது வராது என்று பதிவேட்டில் எழுதித் தரச் சொல்வோம். அப்படியே நூலகச் சாவியையும் கேட்டுவிடுவோம்.