125 சிசி என்ற கோடு

போன ஐப்பசி மழையில் என் மாமா பைக்கோடு விழுந்தார். நாய் குறுக்கே வந்தது, பிரேக்கை அழுத்தினார், ஈரத்தில் மண் படிந்திருந்த இடத்தில் முன்சக்கரம் லாக் ஆகிவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிவு. வண்டி 110 சிசி, சிபிஎஸ் உள்ளது. "பிரேக் நல்லாத்தானேடா இருந்துச்சு" என்று இன்னும் கேட்கிறார். பிரேக் எலக்ட்ரானிக்ஸ் வேலையில் இருப்பவன் நான் என்பதால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சிபிஎஸ் என்பது ஒரு பிரேக்கை அழுத்தினாலே இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடு. வண்டி சீக்கிரம் நிற்க உதவும், ஆனால் சக்கரம் லாக் ஆவதைத் தடுக்காது. அதைத் தடுப்பது ஏபிஎஸ். சக்கரம் சுழலும் வேகத்தை சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும். லாக் ஆகப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம், 125 சிசி வரை உள்ளவற்றுக்கு சிபிஎஸ் போதும் என்று நம் நாட்டில் விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் போட்ட கோடும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் அங்கே 125 சிசி என்பது ஓட்டுநர் உரிமத்தில் முதல் படிகளில் ஒன்று. பல நாடுகளில் 16 வயதிலேயே அந்த உரிமம் எடுக்கலாம். நம் ஊரில் அதுதான் குடும்ப வண்டி. டேங்க் மேல் குழந்தை, பின்னால் மனைவி, ஹேண்டிலில் காய்கறிப் பை. அதே எண்ணை இங்கே வைத்தால் சாலையில் ஓடும் பெரும்பாலான பைக்குகள் கோட்டுக்கு வெளியே போய்விடுகின்றன.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

செலவு எனக்கும் தெரியும். மலிவு வண்டிகளில் முன்னாலும் ஆயில் இல்லாமல் கேபிளால் இழுக்கும் டிரம் பிரேக்தான். ஏபிஎஸ் வைக்க வேண்டுமானால் முதலில் டிஸ்க், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் வர வேண்டும், அப்புறம்தான் ஏபிஎஸ் யூனிட். சரி, முன்சக்கரத்துக்கு மட்டுமாவது வைக்கலாமே? விழ வைப்பது பெரும்பாலும் அந்தச் சக்கரம்தான். லட்சக்கணக்கில் செய்தால் விலை இறங்கும்.

இதைப் பற்றி நான் பேசும்போதெல்லாம், "மக்கள் மைலேஜ்தான் கேட்கிறார்கள்" என்பார்கள். மாமா வண்டி வாங்கிய அன்று ஷோரூமில் நானும் இருந்தேன். அந்த விலையில் ஏபிஎஸ் உள்ள ஒரு வண்டிகூட அங்கே இல்லை.